கழுத்துக் கழலை: கணவனும் மனைவியும் தெரிந்துகொள்ள வேண்டியவை



கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. இதற்குத் தைராய்டு சுரப்பி என்று பெயர். இது வீங்கினால் அதைக் கழுத்துக் கழலை என்கிறோம். "வலி இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடலாமா? கூடாது. ஏன் என்பதை ஒரு மருத்துவரின் கதையிலிருந்து தெரிந்துகொள்வோம்.

ஓர் அறுவை மருத்துவரின் ஆராய்ச்சி

சுவிட்சர்லாந்து மலைநாடு. அங்கே ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கழலை உள்ளவர்கள் இருந்தார்கள். அந்நாட்டின் பெர்ன் நகரில் 1841-ல் பிறந்தவர் டாக்டர் தியோடர் கோக்கர். 1872-ல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். பித்தப்பை, சிறுகுடல் ஆகியவற்றின் அறுவைச் சிகிச்சையில் அவர் வகுத்த முறைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆனாலும் அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தது இந்தக் கழுத்துச் சுரப்பிக்குத்தான்.

அந்நாளில் கழலை அறுவை என்றாலே உயிர்பயம். கோக்கர் சுத்தத்தைக் கடைப்பிடித்து, இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, நிதானமாக அறுத்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சுரப்பி முழுவதையும் எடுத்த நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அப்படிப் பார்த்த 18 பேரில் 16 பேர் நலமாக இல்லை. முகம் வீங்கி, உடல் சோர்ந்து, பேச்சும் புத்தியும் மந்தமாகிப் போயிருந்தார்கள். சிறுவயதில் அறுவை செய்துகொண்டவர்கள் வளர்ச்சியே நின்றிருந்தார்கள். இதை அவர் மூடி மறைக்கவில்லை. 1883-ல் அறுவை மருத்துவர்கள் கூடிய சபையில் எழுந்து சொன்னார். சாதாரணக் கழலைக்காகச் சுரப்பியை முழுதாக எடுப்பதை நிறுத்தினார்.

அதுவரை இந்தச் சுரப்பியின் வேலை என்னவென்று மருத்துவ உலகுக்கே சரிவரத் தெரியாது. 1891-ல் இங்கிலாந்தில் டாக்டர் ஜார்ஜ் முர்ரே என்பவர், சுரப்பி வேலை செய்யாத ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிமூலம் கொடுத்தார். அந்த அம்மாள் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தைராய்டு ஆராய்ச்சிக்காகக் கோக்கருக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசு பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவரே.

நம் நாட்டில்

கழலைக்கு முக்கியமான காரணம் அயோடின் சத்துக் குறைவு. மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விடும். மண்ணில் இல்லையென்றால் கேழ்வரகிலும் காய்கறியிலும் எப்படி இருக்கும்?

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமியும் அவரது குழுவினரும் ஒரு சோதனை தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை. 1962-ல் அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

குடும்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய உண்டு. சுரப்பி குறைவாக வேலை செய்தால் அசதி, உடல் பருத்தல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை வரும். மாதவிலக்கு தப்பும், அல்லது அதிகமாகப் போகும். கரு தரிக்கத் தாமதமாகும், கரு கலையவும் கூடும். அளவுக்கு மீறி வேலை செய்தால் படபடப்பு, கைநடுக்கம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைத்தல் உண்டாகும்.

பிள்ளை இல்லையென்று மனைவியை ஏசுவதும், "சோம்பேறி" என்று மாமியார் சொல்வதும் நம் ஊரில் கேட்கிற பேச்சு. அது சோம்பல் அல்ல, சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கருவுற்ற முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளைக்குத் தாயின் தைராய்டுச் சுரப்பு நீரே ஆதாரம். அப்போது குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

செய்ய வேண்டியவை

1. அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கினாலும் ரேஷன் கடையில் வாங்கினாலும் பொட்டலத்தில் "அயோடின் கலந்தது" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூட்டையில் அளந்து விற்கும் கல்லுப்பை நம்ப வேண்டாம்.

2. உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் அடுப்புச் சூடும் படாமல் வையுங்கள். குழம்பை இறக்கும் சமயத்தில் உப்புப் போடுவது நல்லது. அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம், வழக்கமான அளவே போதும்.

3. கண்ணாடி முன் நின்று ஒரு வாய் தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். கழுத்தில் கட்டி மேலும் கீழும் அசைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பத்துப் போட்டும் கயிறு கட்டியும் நாளைக் கடத்தாதீர்கள். வந்துவிட்ட நோய் உப்பினால் மட்டும் தீராது.

4. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடிக்கலாம். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதோடு சேர்த்துப் போடக்கூடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

5. மாத்திரை சாப்பிடும் பெண் கருவுற்றால் மாத்திரையை நிறுத்தவே கூடாது. நாள் தள்ளிப்போனதும் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

6. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். குறை இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல வளரும்.

கணவன்மார்களே! ஓசூர் ஆலைக்கு ஷிப்டு, தோப்பில் வேலை என்று காரணம் சொல்லாமல், ஒருநாள் மனைவியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். உங்களுக்கும் இந்த நோய் வரலாம், நீங்களும் காட்டிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

உப்பு ஒரு பிடி. காப்பது ஒரு தலைமுறை!