முதுகை நிமிர்த்தும் எளிய பயிற்சிகள்

செனாய், கூலாய் வட்டாரத்து மூத்தவர்களில் பலர் தோட்டத்தில் உழைத்தவர்கள். பால் மரத்தின் அடிப்பகுதியைச் சீவக் குனிந்ததும், கனத்த பால் வாளிகளைச் சுமந்ததும் அவர்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் முதுகு கூனிப் போனதற்கு அந்த வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. இன்று நாற்காலியில் சரிந்து தொலைக்காட்சி பார்ப்பதற்கும், கைப்பேசியை மடியில் வைத்துக் குனிவதற்கும் அதில் பங்கு உண்டு.

நெடுநேரம் குனிந்தே இருந்தால் நெஞ்சுத் தசைகள் இறுகும். மேல்முதுகுத் தசைகள் வலுவிழக்கும். ஆகவே நெஞ்சை விரிக்கவும் வேண்டும், முதுகுக்கு வலுவேற்றவும் வேண்டும்.

முதலில் சுவரில் முதுகைப் பதித்து நில்லுங்கள். முகவாயைத் தூக்காமல் பின்தலை சுவரைத் தொடுகிறதா? இல்லையென்றால் இடைவெளி எத்தனை விரல் என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். சில வாரம் பயிற்சி செய்தபின் மறுபடி அளந்து பார்க்கலாம்.

நெஞ்சை விரிக்க, படி இல்லாத கதவு நிலையின் இரு பக்கமும் முன்கைகளை வைத்து, ஒரு காலை மெல்ல முன்னே வையுங்கள். 20 முதல் 30 விநாடி நில்லுங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

அடுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று நெருங்கும்படி பின்னுக்கு இழுங்கள். 5 விநாடி வைத்து விடுங்கள், 10 தடவை. தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. பலர் தவறு செய்வது இங்கேதான்.

கால் தளர்ந்தவரால் நிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் நாற்காலியைச் சுவரோரம் வைத்து, முடிந்தால் கையூன்றாமல், 5 தடவை எழுந்து உட்காருங்கள். சக்கர நாற்காலி வேண்டாம்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது வலுவும் சமநிலையும் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. காலை நடை நல்லதுதான். அது மட்டும் போதாது.

எல்லாக் கூனும் தசையால் வருவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்களுக்கும் எலும்பு மெலிந்து, கீழே விழாமலேயே முதுகெலும்பு நசுங்கலாம். அளவாக இருந்த கால்சட்டை இப்போது தரையில் புரள்கிறதா? இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருந்தால், பயிற்சியைத் தொடங்குமுன் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

திடீரெனக் கடும் முதுகுவலி வந்தாலோ, கால் மரத்துப் போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள்.