பூக்கூடையில் ஒரு பேசும் பெட்டி

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் மாலை ஆறு மணிக்கு மேல் என்னென்ன சத்தங்கள் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. கபாலீசுவரர் கோயில் மணி, ஆட்டோ ஹாரன், "மல்லி, முல்லை, கதம்பம்!" என்ற கூவல் – இவையெல்லாம் பழைய சத்தங்கள். இப்போது புதிதாக ஒரு குரல் சேர்ந்திருக்கிறது. பூக்கூடையின் ஓரத்திலிருந்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி அட்சர சுத்தமாக, "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது அந்தக் குரல். பூக்கார அம்மாள் அதை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கை தன் பாட்டுக்குச் சரம் தொடுத்துக்கொண்டிருக்கிறது. காது மட்டும் பெட்டியிடம் இருக்கிறது.

"ஏம்மா, ஜிபே இருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்ட காலம் மலையேறிவிட்டது. தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஊக்கும் ஹேர்பின்னும் விற்கிறவரிடமும், அடையாறில் இளநீர் வெட்டுகிறவரிடமும் அந்தக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய்க்குக் கொத்துமல்லி வாங்கிவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி வசவு வாங்கும் பாக்கியம் நமக்கு இனிமேல் இல்லை.

சில்லறைத் தொந்தரவு தீர்ந்தது பெரிய சௌகரியந்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று ஓசைப்படாமல் நடந்திருக்கிறது. சின்ன வியாபாரிக்குத் தலைமுறை தலைமுறையாக இல்லாதிருந்த ஒரு சொத்து வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சொத்தின் பெயர் கணக்கு. அது யார் கையில் இருக்கப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர்களுடைய எதிர்காலம் இருக்கிறது.

ஜப்பானியக் கோலம்

கறுப்பும் வெள்ளையுமான அந்தச் சதுரக் கோலம் பிறந்தது 1994-ஆம் வருஷம், ஜப்பானில். டென்சோ வேவ் என்ற கம்பெனியின் என்ஜினீயர் மசாஹிரோ ஹாரா, மோட்டார் உதிரி பாகங்களை எண்ணிக் கணக்கு வைப்பதற்காக அதைக் கண்டுபிடித்தார். கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' என்ற பலகை விளையாட்டுத்தான் அவருக்கு யோசனை கொடுத்ததாம். மோட்டார் பட்டறைக்குப் போட்ட கோலம் மல்லிகைப் பூக் கூடைக்கு வந்து சேரும் என்று அவர் கனவு கண்டிருப்பாரா என்ன?

கோலம் ஜப்பானுடையது, அதன் பின்னால் பணத்தை நகர்த்தும் ஏற்பாடு நம்முடையது. யு.பி.ஐ. என்று சொல்கிறார்களே, அதை இந்திய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கிவைத்தது. அதே வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. ஜனங்கள் வேறு வழியின்றிக் கைப்பேசியின் பக்கம் திரும்பினார்கள். 2020 ஜனவரி 1 முதல் இந்த வழியில் வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று சர்க்கார் விதித்தது. பத்து ரூபாய் வியாபாரிக்கும் கதவு திறந்தது அதற்குப் பிறகுதான். 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடி தடவைக்கு மேல் பணம் இப்படிக் கைமாறியிருக்கிறது.

சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு விசேஷ அனுபவம் உண்டு. நோட்டுச் செல்லாத அந்த நாட்களிலேயே, 2016 டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின, அட்டை தேய்க்கும் யந்திரம் வேலை செய்யவில்லை. கையில் இருந்ததோ சில்லறை மாற்ற முடியாத புது 2,000 ரூபாய் நோட்டு. அந்த வாரம் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்க நமக்கு உதவியது எது? "அப்புறம் கொடுங்க, எங்கே போயிடப் போறீங்க?" என்ற தெருமுனைக் கடைக்காரரின் வார்த்தைதான்.

தண்டல்காரரின் நோட்டுப் புத்தகம்

இப்போது பூக்கார அம்மாளிடம் திரும்புவோம். பூ வாங்க அவளுக்குத் தினமும் கை முதல் வேண்டும். பாங்கிக்குப் போனால், "உன் வருமானத்துக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். வாடிய பூவையும் வாழை நாரையும் ஆதாரமாகக் காட்ட முடியுமா? ஆகவே அவள் தண்டல்காரரிடம் போவாள்.

தண்டல் கணக்கு எப்படித் தெரியுமா? உதாரணமாக, 10,000 ரூபாய் என்று பேர் பண்ணி, 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும்! அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் அவசரத்துக்கு ஓடி வருகிறவர் தண்டல்காரர்தானே? அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அம்மாளின் வியாபாரத்தைப் பற்றி உலகத்தில் எழுதி வைக்கப்பட்ட ஒரே கணக்கு அதுதான்.

பேசும் பெட்டி வந்ததும் இந்த நிலைமை மாறிற்று. பெட்டிக்குக் கம்பெனி பெரும்பாலும் மாத வாடகை பிடித்துக்கொள்கிறது, வாஸ்தவந்தான். ஆனால் தினம் எத்தனை பேர் வாங்கினார்கள், ஆடி வெள்ளியில் எவ்வளவு, மார்கழியில் எவ்வளவு என்பதெல்லாம் பாங்கிக் கணக்கில் தானாகவே ஏறிவிடுகிறது. 2020 ஜூனில் மத்திய சர்க்கார் தெரு வியாபாரிகளுக்காக 'ஸ்வநிதி' என்ற கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஈடு எதுவும் இல்லாமல் முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. வட்டியில் நூற்றுக்கு ஏழு சர்க்கார் மானியம். கைப்பேசி வழியாக வியாபாரம் செய்தால் சிறு ஊக்கத்தொகை வேறு. 2025 ஆகஸ்டில் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தினார்கள்.

பணம் வந்த சத்தம் அம்மாளுக்கு, பணம் யாருக்கு?

இங்கேதான் ஒரு சிக்கல். கூடையில் தொங்கும் அட்டை யார் பெயரில் இருக்கிறது? பல இடங்களில் மகன் பெயரில், அல்லது மருமகன் பெயரில். "எனக்கு அந்த போன் எல்லாம் தெரியாதும்மா, புள்ளதான் போட்டுக் குடுத்தான்" என்பார்கள். பிள்ளை தங்கமான பிள்ளையாக இருந்தால் சரி. இல்லாவிட்டால்? முன்பெல்லாம் பணம் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது, கேட்டால்தான் கிடைக்கும். இப்போது கேட்காமலே போய்விடும். இருபது வருஷம் வெயிலில் உட்கார்ந்து விற்றவளுக்கு ஒரு வரிக் கணக்குக்கூடத் தன் பெயரில் இராது. கடனுக்குப் போனாலும் வியாபாரம் பிள்ளையுடையதாகவே தெரியும்.

கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். யு.பி.ஐ. வரவை வைத்து, வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்லி, சிறு கடைக்காரர்களுக்கு வரி இலாகா நோட்டீஸ் அனுப்பியது. உடனே பல கடைகளில், "யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்" என்று போர்டு தொங்கியது. காய்கறி, பால் போன்ற விலக்குப் பெற்ற பொருள்களுக்கு வரி கேட்க மாட்டோம் என்று அரசாங்கம் பிறகு சமாதானம் சொல்லிற்று. எழுதாத கணக்கு கடனுக்கு உதவாது. எழுதிய கணக்கைப் படிக்கத் தெரியாவிட்டால் நோட்டீஸைக் கண்டு நடுங்க வேண்டியதுதான்.

ஏமாற்றுப் பேர்வழிகளும் சும்மா இல்லை. பணம் அனுப்பியது போல் பொய்ப் படத்தைக் காட்டிவிட்டு நழுவுகிறார்கள். கடைக்காரரின் அட்டை மேல் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். "உங்களுக்குப் பணம் வர வேண்டுமானால் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்கிறார்கள். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்கு ஒருநாளும் வேண்டாம். ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும்.

வாடிக்கையாளர் யாருடையவர்?

கடை வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான், வேறு உருவத்தில். நவராத்திரி வந்தால் மாட வீதிப் பொம்மைக் கடைக்காரர் தசாவதார செட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அமெரிக்காவுக்கு அனுப்பி ஆர்டர் பிடிக்கிறார். பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ரவிக்கை தைப்பவர் அளவையும் கழுத்து டிசைனையும் கைப்பேசியிலேயே வாங்கிக்கொள்கிறார். அடையாறில் வீட்டிலேயே பருப்புப் பொடியும் வற்றலும் போடும் மாமிகள் இன்ஸ்டாகிராமில் ஊறுகாயைக் காட்டி நாவில் நீர் ஊற வைக்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் இருக்கின்றன.

பெரிய டெலிவரிக் கம்பெனி மூலம் விற்கும்போது கதை வேறு. கமிஷன் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். யார் வாங்கினார்கள், அடுத்த மாதம் என்ன வாங்குவார்கள் என்ற விவரம் கம்பெனியிடம் தங்கிவிடுகிறது. சமைத்தவருக்கு மிஞ்சுவது ஓர் ஆர்டர் நம்பர். தண்டல்காரரின் நோட்டுப் புத்தகம் புது உருவில் வந்துவிட்டதோ என்று தோன்றவில்லையா? இந்த ஒரு சிலரின் பிடியைத் தளர்த்தத்தான் ஓ.என்.டி.சி. என்ற பொதுச் சந்தை ஏற்பாடு செய்யப்பட்டது. 2022 ஏப்ரலில் அதை முதலில் பரீட்சை பார்த்த ஐந்து ஊர்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று.

பத்து நிமிஷத்தில் பருப்பைக் கொண்டுவந்து போடும் கம்பெனிகளோடு தெருமுனை மளிகைக் கடை வேகத்தில் போட்டியிட முடியாது. ஆனால் மாசக் கடைசியில் கடன் கொடுக்கவும், "பாட்டிக்கு உடம்பு தேவலையா?" என்று விசாரிக்கவும் அந்தக் கம்பெனிகளுக்குத் தெரியாது. அந்தப் பழைய பலத்தோடு புதுக் கணக்கும் கடைக்காரர் கையிலேயே இருந்தால் அவர் நிலைத்து நிற்பார்.

நாம் செய்யக்கூடியது சொற்பந்தான், ஆனாலும் செய்யலாம். அடுத்த தடவை பூ வாங்கிப் பணம் அனுப்பும்போது கைப்பேசியில் தோன்றும் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். அது வேறு யாருடைய பெயராகவாவது இருந்தால், "ஏம்மா, உன் பேர்லயே ஒரு கணக்கு ஆரம்பிச்சுக்கக் கூடாதா?" என்று கேளுங்கள். வழி தெரியவில்லை என்றால், உங்கள் வீட்டுக் கல்லூரி மாணவியை ஒரு மணி நேரம் அவளோடு பாங்கிக்கு அனுப்பி வையுங்கள்.