நியூ ஆர்லியன்ஸைக் கைவிடலாமா?

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கியதில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. பாதி ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும்போது, அதை எதற்கு மறுபடி கட்ட வேண்டும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஊரை மூழ்கடித்தது புயல் மட்டுமல்ல. முக்கியமான சில கால்வாய்ச் சுவர்கள், தண்ணீர் அவற்றின் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சரிந்தன. வடிவமைப்பில் பிழை இருந்ததை அவற்றைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே 2006-ல் ஒப்புக்கொண்டது. மனிதர் செய்த பிழைக்கு ஊரைத் தண்டிப்பது தகாது. ஊர் முழுவதும் பள்ளத்திலும் இல்லை: 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் மேட்டுநிலம் பார்த்து உருவாக்கிய பழைய நகரப் பகுதி கத்ரீனாவின்போதும் பெரும்பாலும் மூழ்காமல் தப்பியது.

ஜாஸ் இசை பிறந்த தெருக்களை வேறு எங்கும் பெயர்த்து நட முடியாது. மிசிசிப்பி ஆற்று வாணிகத்துக்கும் அதன் முகத்துவாரத்தருகே ஒரு துறைமுக நகரம் வேண்டும். செலவு வீண் என்பவர்களுக்கு 2021 பதில் சொன்னது. சுமார் 1,450 கோடி டாலரில் எழுந்த புதிய தடுப்பு அமைப்பு, அதே ஆகஸ்ட் 29-ல் வந்த ஐடா புயலைத் தாங்கி நின்றது. சுவர் மட்டும் போதாது. புயலின் வேகத்தைத் தணிக்கும் லூசியானாவின் சதுப்புநிலம் 1930-களிலிருந்து ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் அழிந்திருக்கிறது. அதை மீட்கும் பணிக்கும் அமெரிக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.