ரிலீஸ் கடிதம் இல்லாமல் பாடசாலை மாறினேன்

வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பிய எவரையும் கேட்டுப் பாருங்கள், ‘ரிலீஸ்’ என்ற சொல் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளியிடம் மாறுவதற்குப் பழைய முதலாளி தரும் ‘ஆட்சேபனை இல்லை’ என்ற கடிதத்தை அங்கு அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஒரு கடிதம் கிடைக்காததால் சம்பளம் இல்லாமலே வேலையைத் தொடர்ந்தவர்களும், வேறு வேலை தயாராக இருந்தும் நாடு திரும்பியவர்களும் பலர்.

நான் 2019ஆம் ஆண்டு முதல் கட்டார் நாட்டின் தலைநகரான டோஹாவில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2022இல் அந்தக் கடிதம் இல்லாமலேயே ஒரு தனியார் பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினேன். வெளிநாடு செல்ல எண்ணியிருக்கும் சகோதரிகளுக்கும், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

விசா யாருடைய பெயரில்?

கட்டாரில் வேலை செய்யும் ஒருவரின் வதிவிட அனுமதி, அவரை வேலைக்கு எடுத்தவரின் பெயரோடு இணைந்தே இருக்கும். அவரைத்தான் ‘கபீல்’ என்கிறார்கள். எமது அடையாள அட்டையிலும் அந்தப் பெயர் இருக்கும். கிளிநொச்சியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தை விட்டு இன்னொன்றில் படிப்பிக்கப் போவதென்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். அங்கே வேலையை மாற்றுவதென்றால் விசாவையும் மாற்ற வேண்டும்.

இது எங்களுக்கு விளங்காத விடயம் அல்ல. வன்னியிலிருந்து வெளியே போவதற்குப் பாஸ் கேட்டு நின்றவர்கள் நாங்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அனுமதிக்காகக் காத்திருந்தோம். விட்டால் போகலாம், விடாவிட்டால் இருக்க வேண்டியதுதான் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிவிட்டது. அதனால்தானோ என்னவோ, முதலாளி ‘ரிலீஸ் தரமாட்டேன்’ என்றவுடன் எமது பெண்கள் பலர் அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை.

சட்டம் மாறிய விதம்

முன்னர் ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன் வேலை மாறுவதானால் கட்டாரில் ரிலீஸ் கடிதம் கட்டாயமாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அந்தத் தேவையை நீக்கியது. அது 2020 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் அது பொருந்தும்.

அதற்குப் பதிலாக இப்போது தேவைப்படுவது முன்னறிவித்தல். இரண்டு வருடங்கள் வரை வேலை செய்தவர் ஒரு மாதமும், அதற்கு மேல் வேலை செய்தவர் இரண்டு மாதமும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தகுதிகாண் காலத்தில், அதாவது வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப மாதங்களில், மாறுவதானாலும் ஒரு மாதம் முன்னறிவிக்க வேண்டும். அப்போது புதிய முதலாளி பழையவருக்கு ஆட்சேர்ப்புச் செலவில் ஒரு பங்கைக் கொடுப்பார். அது எமது இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தை விடக் கூடாது.

நான் மாற வேண்டி வந்தது ஏன்?

முல்லைத்தீவு மாவட்டத்தில் பல வருடங்கள் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தேன். நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. அப்பா 2009இல் இல்லாமல் போனார். அம்மா வீட்டை முடிப்பதற்கு எடுத்த நுண்கடன் மூன்று இடங்களில் இருந்தது. தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளும் எங்களோடுதான். வெளிவாரிப் பட்டத்தையும் ஆங்கிலத்தையும் நம்பி டோஹாவுக்குப் போனேன்.

2021இன் கடைசியிலிருந்து சம்பளம் இரண்டு மாதம் பிந்தி வந்தது. வாய்வார்த்தையாகத் தந்த வாடகைப் படியும் நின்றது. ஊரில் கடன்காரர் படலைக்கு வந்து நிற்பதாக அம்மா தொலைபேசியில் சொன்னார். நிர்வாகியிடம் கேட்டேன். “ரிலீஸ் இல்லை, ரீச்சர். விருப்பமென்றால் ஊருக்குப் போகலாம்” என்றார். ஊருக்குப் போனால் கடனை யார் கட்டுவது?

கேரளாவைச் சேர்ந்த சக ஆசிரியை ஒருவர்தான், அந்தக் கடிதம் இப்போது தேவையில்லை என்று சொன்னார். கேள்விப்பட்டதை மட்டும் நம்பாமல், தொழில் அமைச்சின் இணையத்தளத்தில் உள்ளதை நானே வாசித்தேன்.

படிப்படியாகச் செய்தவை

முதலில் வேறொரு பாடசாலையில் நேர்முகத்துக்குப் போய், நியமனத்தை எழுத்தில் பெற்றேன். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்டேன். அதன் பிறகுதான் பழைய இடத்துக்கு இராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். நான் மூன்றாவது வருடத்தில் இருந்ததால் இரண்டு மாத முன்னறிவித்தல். தவணை முடிவதோடு பொருந்தும்படி திகதி போட்டேன். பிள்ளைகளைப் பரீட்சை நேரத்தில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

நிர்வாகி கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட மறுத்தார். அலுவலக வரவேற்பில் ஒப்படைத்து, எனது பிரதியில் திகதி முத்திரை வாங்கினேன். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பினேன். பின்னர் தொழில் அமைச்சின் இணையவழிச் சேவையில் முதலாளி மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். அடையாள அட்டை இலக்கத்தோடு இந்தக் கடிதங்களையும் பதிவேற்ற வேண்டியிருந்தது.

அதை அறிந்ததும், நான் ஓடிப்போய்விட்டதாக முறைப்பாடு செய்யப்போவதாக நிர்வாகி பயமுறுத்தினார். இது வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. 2020க்குப் பின்னரும் வேலை மாற முயன்றவர்கள் மீது சில முதலாளிமார் இப்படிப் பொய் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு முறைப்பாடு பதிவானால் பிடிபடவும் நாடு கடத்தப்படவும் இடமுண்டு. ஆகவே அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள் கூட வேலைக்குப் போகாமல் விடவில்லை. ஒவ்வொரு காலையும் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு, அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தேன். மாற்றம் முடியும் வரை புதிய பாடசாலையில் ஒரு பாடம் கூட எடுக்கவில்லை. வேறு இடத்தில் முன்கூட்டியே வேலை செய்தால் சட்டம் எமக்கு எதிராகத் திரும்பும்.

அமைச்சின் ஒப்புதல் குறுஞ்செய்தியாக வந்தது. புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டேன். அமைச்சு அதை உறுதிப்படுத்திய பின், புதிய பாடசாலையின் பெயரில் அடையாள அட்டை கிடைத்தது. கட்டணங்களைப் பாடசாலையே செலுத்தியது. முகவர் எவருக்கும் ஒரு றியால் கூட நான் கொடுக்கவில்லை.

கையில் இருக்க வேண்டியவை

இவ்வளவும் முடிந்ததற்குக் காரணம், ஆவணங்கள் என் கையில் இருந்ததுதான். புதிய பாடசாலை பட்டச் சான்றிதழைக் கேட்டது. 2019இலேயே அதை எமது வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும், கொழும்பிலுள்ள கட்டார் தூதரகத்திலும் உறுதிப்படுத்தி, மூலப்பிரதியை நானே வைத்திருந்தேன். கடவுச்சீட்டும் என்னிடமே இருந்தது. நாமாக எழுத்தில் கேட்டாலன்றி, தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது என்பது 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். மீறினால் 25,000 றியால் வரை தண்டம் விதிக்கலாம்.

விலகும்போது பணிக்கொடையும் எமக்கு உரியது. ஒரு வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் கொடுக்க வேண்டும். எனது அடிப்படைச் சம்பளம் 3,000 றியால். மூன்று வார அளவு 2,100 றியால். மூன்று வருடத்துக்கு 6,300 றியால். பழைய பாடசாலை அதைத் தானாகத் தரவில்லை. தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்த பின், சமரசப் பேச்சில் பணிக்கொடையும் நிலுவைச் சம்பளமும் கிடைத்தன. எழுத்தில் இல்லாத வாடகைப் படி கிடைக்கவில்லை. சமரசம் சரிவராவிட்டால் முறைப்பாடு தொழில் தகராறுத் தீர்வுக் குழுவுக்குப் போகும். மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் நடைமுறையில் அதைவிடக் கூடுதல் காலம் எடுப்பதுண்டு. அதுவரை சமாளிக்கக் கொஞ்சப் பணம் கையில் இருக்க வேண்டும்.

சகோதரிகளுக்கு

ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. கட்டாரில் உள்ளது குவைத்திலோ சவூதியிலோ அப்படியே இருக்காது. விதிகள் காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். போகும் நாட்டில் வேலை மாறும் உரிமை உண்டா, எவ்வளவு முன்னறிவித்தல் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் முன்னர் கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொண்டே புறப்படுங்கள். அதன் உதவி இலக்கம் 1989.

ஒப்பந்தம், கடவுச்சீட்டு, அடையாள அட்டை, சம்பள விபரம் எல்லாவற்றிலும் ஒரு பிரதியை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எனது பிரதிகள் அம்மாவின் றங்குப் பெட்டியில், குடும்ப அட்டையோடு இருக்கின்றன. இடப்பெயர்வுகளின் போது எதை விட்டாலும் ஆவணப் பையை விடாமல் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை வெளிநாட்டிலும் கைவிடாதீர்கள். முதலாளி ‘முடியாது’ என்று சொன்னால், அது சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.