வெள்ளம் குடித்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னை பள்ளிக்கரணையில் பழைய காம்பாக்ட் எஸ்யூவி வாங்கப் போனால், கிலோமீட்டரைப் பார்க்கும் முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள். சுருளுக்குள் கிடக்கும் கடைசி முழத்தில் சேற்றுக்கறை அப்படியே இருக்கும்.

ஊர் அப்படி. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் சதுப்புநிலம் இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம்.

உயரமான வண்டி என்ற தைரியத்தில் பலர் முழங்கால் தண்ணீரிலும் இறக்கிவிடுகிறார்கள். இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்தால் போச்சு. பிஸ்டன் அமுக்கினால் காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. விசை முழுதும் கனெக்டிங் ராடு மேல் விழுந்து, அது வளைந்துவிடும்.

எனக்கு இன்ஜினைவிட ஒயரிங் மேல்தான் பயம். ஈரம் புகுந்த கனெக்டரில் மின்சாரம் பாயும்போது அரிப்பு வேகமாகும். செம்பில் பச்சை பூக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பவர் விண்டோ மக்கர் பண்ணும், ஏர்பேக் விளக்கு அணையாது. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். ஸ்டெப்னி குழியின் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். (காருக்குள் சென்ட் கமகமத்தால் என் சந்தேகம் கூடும்.)

பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். மிக்ஜாமுக்கு அடுத்த புதுப்பிப்பில் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யமாகியிருந்தால், என்ன கிளெய்ம் என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.