முழங்காலில் வீக்கமா? உருவி விடாதீங்க!

"மலைப்படி ஏறினான், கால் வலிக்குது. எண்ணெய் தடவி உருவினா சரியாப் போயிடும்!" - சோளிங்கரில் பிள்ளைக்கு முழங்கால் வலித்தால் வீட்டில் சொல்வது இதுதான்.

பெரும்பாலும் அது சாதாரண வலி. ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வாரக்கணக்கில் வடியாத வீக்கம் என்றால் உஷார்! எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அரிதான நோய்தான். ஆனால் 10 முதல் 20 வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. அதுவும் முழங்கால் பக்கம். உருவினால் கட்டி கரையாது. நாள் வீணாகும், நோய் நுரையீரலுக்குப் பரவலாம்.

காலை எடுக்கணுமா?

1977-ல் கனடா வாலிபர் டெரி பாக்சுக்குக் காலையே எடுத்தார்கள். இன்று பலருக்கு அது தேவையில்லை. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியை ஒடுக்குகிறார்கள். பிறகு கெட்ட எலும்பை மட்டும் நீக்கி, உலோக எலும்பு வைக்கிறார்கள். மறுபடியும் மருந்து.

வேலூர் சி.எம்.சி.யிலும், 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு.

முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்க. பரவுமுன் வந்தால் பலர் பிழைக்கிறார்கள்!