அருகம்புல்லை வளர்க்கச் சம்பளம்

கோடை உழவு ஓட்டி, கிழங்கைப் பொறுக்கி, வரப்பில் குவித்துக் காயப்போட்டாலும் ஐப்பசி மழைக்கு மறுபடி தலைகாட்டும் அருகு. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல்காட்டில் அதோடு மல்லுக்கட்டாத சம்சாரி கிடையாது. இதே அருகுக்குத் தாவரவியலில் சைனோடான் டாக்டைலான் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் பெர்முடா புல் என்பார்கள். வெப்ப நாடுகளில் இருக்கிற கோல்ஃப் மைதானங்கள் பலவற்றில் விரித்திருப்பது இந்தப் புல்லையும் இதன் கலப்பினங்களையும்தான். பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொன்னேன். "என்ன சார் சொல்றீங்க, அருகை வளக்குறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கானா?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

சம்பளம் மட்டுமா, ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, நம் அருகையும் ஆப்பிரிக்காவின் மெல்லிய அருகு இனத்தையும் கலந்து புதுப் புல் ரகங்களை உருவாக்கினார். அந்தக் கலப்பினங்களில் விதை பிடிக்காது. கணுவைக் கிள்ளி நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

உழவர் இதழில் கோல்ஃப் எதற்கு என்று கேட்பீர்கள். காய்கறியை நேரடியாக வீடுகளுக்கு விற்கிற நமக்கும் அந்த மைதானக்காரர்களுக்கும் இருக்கிற தலைவலி ஒன்றுதான்: பார்வைக்கு அழகாக இருந்தால்தான் காசு கொடுப்பேன் என்கிற வாடிக்கையாளர்.

முதலில் அவர்கள் பாட்டைப் பார்ப்போம். 18 குழி உள்ள மைதானத்தில், குழியைச் சுற்றியுள்ள சின்ன வட்டத்துக்குக் 'கிரீன்' என்று பெயர். அங்கே பந்து உருள வேண்டும் என்பதற்காகப் புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். அநேகமாகத் தினமும் வெட்டு. வெட்டிய புல்லையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆடு மொட்டையடித்த மேய்ச்சல் தரையைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. இலை இல்லாவிட்டால் வேர் இறங்காது. வேர் மேலாகவே நின்றால் தினமும் தண்ணீர் கேட்கும். வெட்டிய புல்லோடு தழைச்சத்தும் போய்விடுவதால் உரம் கேட்கும். ஈரமும் உரமும் சேர்ந்தால் பூசணம் வரும், அதற்கு மருந்து. ஒன்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வருகிற இந்தச் சங்கிலி, ரசாயனப் பருத்தி போட்டவர்களுக்கு நன்றாகவே தெரிந்த சங்கிலிதான்.

தண்ணீர்க் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், பழைய பேங்க் பழக்கம். ஒரு ஏக்கரில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 20,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். கோடையில் பச்சைப் புல்லுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு தேவைப்படும். 60 ஏக்கர் புல் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 100 நடை! கண்மாய் வற்றிக் குடத்தோடு நிற்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கணக்குப் போடக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இப்போது பல மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீருக்கு மாறியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

விஷக் கணக்கு தனி. டயசினான் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த புல்லை மேய்ந்த வாத்துகள் கூட்டமாகச் செத்ததால், 1980களின் கடைசியில் அமெரிக்க அரசு அதைக் கோல்ஃப் மைதானங்களில் தடை செய்தது. வேடிக்கை என்னவென்றால், வீட்டுப் புல்தரையில் தெளிக்க அதற்குப் பிறகும் பல வருஷம் அனுமதி இருந்தது. மெக்சிகோவில் டெபோஸ்ட்லான் ஊர்க்காரர்கள் 1995ல் தங்கள் நிலத்துக்கும் நீருக்கும் ஆபத்து என்று ஒரு கோல்ஃப் திட்டத்தை எதிர்த்து நின்று, அதை விரட்டியே விட்டார்கள். நம் சென்னையிலும் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலம் சுமார் 160 ஏக்கரை, குத்தகைப் பாக்கியைச் சொல்லி 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. குதிரை ஓடுகிற வட்டத்துக்கு உள்ளே கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் மழைநீர் தேங்கக் குளம் வெட்டினார்கள்.

சரி, ஆட வருகிறவர்களின் குறை என்ன? என் மைத்துனர் மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடுவான். ஒருமுறை வெளியூரில் ஒரு மைதானத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் போயிருக்கிறான். போய்ப் பார்த்தால் கிரீன் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை, மேலே மணல். "மாமா, பணம் வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லலை. கேட்டா, மெயின்டனன்ஸ் சார்ங்கிறான்" என்று இன்றுவரை பொருமுகிறான்.

அந்த ஓட்டை தப்பான வேலை இல்லை. மிதித்து மிதித்து இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்க, சின்னச் சின்ன உருளையாக மண்ணைப் பிடுங்கி மணலை நிரப்புகிறார்கள். புல் மூடி வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். செய்யாவிட்டால் புல் மூச்சுத் திணறிச் சாகும். ஒழுங்காக நடக்கிற மைதானங்கள் இந்தத் தேதியை முன்கூட்டியே அறிவிக்கின்றன, அந்த நாட்களில் கட்டணத்தைக் குறைக்கின்றன. ஓட்டை அதே ஓட்டைதான். சொல்லிவிட்டுச் செய்த இடத்துக்கு ஆள் திரும்ப வருகிறான். சொல்லாத இடத்துக்கு வருவதில்லை.

பச்சை நிறம் இன்னொரு மயக்கம். டிவியில் வருகிற மைதானம் மாதிரி மரகதப் பச்சையாக இல்லாவிட்டால் பராமரிப்பு சரியில்லை என்பார்கள். ஆனால் 2006ல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓபன் போட்டி நடந்தபோது வறட்சியில் தரை வைக்கோல் நிறத்தில் கிடந்தது. டைகர் உட்ஸ் அதில்தான் ஜெயித்தார். காய்ந்த தரையில் பந்து நன்றாகவே ஓடும். ஸ்காட்லாந்தில் இந்த விளையாட்டு வளர்ந்ததே கடற்கரை மணலில், ஆடு மேய்ந்த குட்டைப்புல்லின் மேல். கிடை போட்ட நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் இன்னும் ஒரு படி மேலே. ஓபல் கல் தோண்டுகிற அந்தப் பாலைவன ஊர் மைதானத்தில் புல்லே கிடையாது. கையோடு ஒரு துண்டு செயற்கைப் புல்லைக் கொண்டுபோய், அதில் பந்தை வைத்து அடிக்கிறார்கள். நம்ம திருச்சுழிக்கு ஏற்ற மைதானம் அதுதான்!

இயற்கை வழியில் நடத்தவும் முடியும் என்று காட்டிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியர்ட் தீவில், நிலத்தடிக் குடிநீர் கெடும் என்று பயந்த உள்ளூர் ஆணையம், செயற்கைப் பூச்சிக்கொல்லி போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வினியர்ட் கோல்ஃப் கிளப்புக்கு அனுமதி கொடுத்தது. 2002ல் திறந்தார்கள். பராமரிப்பாளர் ஜெஃப் கார்ல்சன் களைக்குக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். வேர்ப்புழுவுக்கு அதைத் தின்னும் நூற்புழுவை விட்டார். பூசணம் பிடிக்காமல் இருக்கக் காலையில் புல்லின் மேல் இருக்கிற பனியைத் துடைத்துவிடுவது அங்கே முக்கியமான வேலை. அங்கங்கே களையும் கறையும் இருக்கும். அது தெரிந்துதான் உறுப்பினர்கள் பணம் கட்டுகிறார்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் குழுவில் பேசினோம். நாங்கள் ஐந்து பேர், கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் காய்கறி, மானாவாரியில் குதிரைவாலி, உளுந்து. சுமார் 40 வீடுகளுக்குக் கொடுக்கிறோம். ஒருவர் போன வருஷம் விலகி மறுபடி மருந்தடிக்கப் போய்விட்டார். ஓட்டைக் கத்தரிக்காய் என்று மூன்று வாரம் தொடர்ந்து கூடை திரும்பி வந்தது. அவருக்குக் கூட்டுறவுக் கடன் வேறு. அவர் மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. புழு வந்ததில் அவரும் தப்பு செய்யவில்லை, கத்தரியும் தப்பு செய்யவில்லை. எந்த மாதம் புழு கூடும், எவ்வளவு ஓட்டை எதிர்பார்க்கலாம், அந்த வாரம் விலை என்ன என்று வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆடியிலிருந்து பையில் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறோம். 'கார்த்திகை அடைமழையில் கீரை வராது. தண்டுப்புழு இருப்பதால் இந்த வாரம் கத்தரிக்காய் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு, வெட்டிப் பார்த்துச் சமைக்கவும். மிளகாய் சிறுத்திருக்கும், காரம் குறையாது' என்கிற மாதிரி. முதல் மாதத்தில் நான்கு வீடுகள் நின்றுபோயின. மற்றவர்களிடமிருந்து கூடை திரும்பி வரவில்லை. விலகிப்போனவர் நேற்று வந்து, சீட்டு யார் எழுதுகிறார்கள், அச்சடிக்க எவ்வளவு ஆகிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.